மேஸ்திரி பதில்கள்: மேட்டில் விழாத ‘லோ’

(பழைய வண்டிகளை வைத்து ஓட்டுபவர்களின் சந்தேகங்களுக்கு வேலூர் லாரி மேஸ்திரி பதில் சொல்கிறார்.)

கேள்வி: மேஸ்திரி ஐயாவுக்கு வணக்கம். எங்கள் தாத்தா 1950-களில் வாங்கிய ஷெவர்லே பெட்ரோல் லாரி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் வாணியம்பாடி தோல் ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை ஏற்றிப் போன வண்டி. நைனா காலத்தில் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. இரண்டு வருடமாக நான் ஒவ்வொன்றாகச் சரிசெய்து ஓட்டுகிறேன். பின் ஆக்சில் ஹை, லோ என்று இரண்டு வேகம் உள்ளது. கியர் ராடில் ஒரு குமிழ். மேலே இழுத்தால் ஹை, கீழே அழுத்தினால் லோ. ஆக்சில் மேல் சுமார் 7 அங்குல அகலத்தில் வட்டமாக ஒரு டப்பா. அதற்கு இரண்டு குழாய் போகிறது. சமதரையில் ஒழுங்காக மாறுகிறது. பலமநேர் சாலையில் மேடு ஏறும்போது குமிழை அழுத்தினால் லோ விழுவதே இல்லை. உச்சிக்குப் போய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் தானாகவே ‘டமார்’ என்று விழுகிறது. ஒரு குழாயைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே கறுப்பாக கியர் ஆயில் இருந்தது. இங்கே ஒரு மெக்கானிக், டிஃப்ரன்ஷியலைப் பிரித்து ஹையிலேயே வெல்டு வைத்துவிடலாம் என்கிறார். செய்யலாமா? இன்னொன்று: சேஸிஸுக்குப் பெயிண்ட் அடித்தபோது உள்பக்கம் உருளையாக ஒரு காலி டப்பா இருந்தது. எதற்கும் பயன்படாது போலத் தெரிந்ததால் எடுத்துவிட்டுக் குழாய்களை நேராகச் சேர்த்துவிட்டோம். பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. – வாசகர், குடியாத்தம்

பதில்: தம்பி, முதலில் அந்த வெல்டிங் மெஷினைத் தூரமாக வைக்கச் சொல்லுங்கள். எடுத்துப் போட்ட டப்பா பழைய இரும்புக்காரரிடம் போகாமல் இன்னும் கொட்டகை மூலையில் கிடக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பயன்படாத சாமான் என்று நீங்கள் நினைத்ததுதான் உங்கள் லோ.

ஷெட்டில் நாங்கள் வேக்கம் என்று சொல்வது வெற்றிடம். பெட்ரோல் என்ஜின் மூச்சை உள்ளே இழுக்கிறது. கார்புரேட்டரில் இருக்கும் தகடு அந்த மூச்சை அடைக்கிறது. இரண்டுக்கும் நடுவில், என்ஜினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் வேக்கம் பிறக்கிறது. நல்ல என்ஜின் ஐடிலில் ஓடும்போது கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் காட்டும். வேலூர் 200 மீட்டர் சொச்சம் உயரம்தான், அதனால் முக்கால் அங்குலம் குறையும், அவ்வளவே. ஆனால் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் தகடு திறந்துவிடும், அடைப்பு போய்விடும், வேக்கமும் போய்விடும். உங்கள் வண்டியில் பழைய வேக்கம் வைப்பர் இன்னும் இருந்தால் மழையில் கவனித்திருப்பீர்கள்: மேடு ஏறும்போது வைப்பர் சோர்ந்து நின்றுவிடும், காலை எடுத்ததும் படபடவென்று அடிக்கும். உங்கள் ஆக்சிலும் அதையேதான் செய்கிறது.

மேட்டில் லோ தேவைப்படும் நேரம், கால் முழுக்க மிதித்திருக்கும் நேரம். அந்த நேரத்துக்கென்று சேர்த்து வைக்கத்தான் அந்த டப்பா. சமதரையில் ஓடும்போது என்ஜின் அதைக் காலி செய்து வைத்துக்கொள்ளும். வாயில் ஒரு ஒருவழி வால்வு இருக்கும், வேக்கம் திரும்பி ஓடாமல் பிடிக்க. மேட்டில் என்ஜின் கை விரித்தாலும் டப்பா ஒன்றிரண்டு முறை ஆக்சிலை மாற்றிக் கொடுத்துவிடும். டப்பாவை எடுத்து குழாயை நேராகச் சேர்த்ததும், குமிழை அழுத்திய கட்டளை அப்படியே காத்துக் கிடக்கிறது. உச்சியில் காலை எடுத்தீர்கள், வேக்கம் ஓடி வந்தது, ஆக்சில் அப்போது கட்டளையை நிறைவேற்றியது. தாமதமாக, தவறான இடத்தில்.

தவறான இடம் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஆக்சிலுக்குள் நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், யாராவது பிரிக்கலாம் என்றால் கேள்வி கேட்க உதவும். ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய கியரான கிரவுன் வீலுக்கு வெளியே இருக்கும் பல் எல்லா வண்டியிலும் உண்டு. இதில் உள்பக்கமும் பல் உண்டு. அந்த உள்பல்லில் சின்னப் பினியன்கள் உருளும், நடுவில் நீளமான ஒரு கியர் பக்கவாட்டில் நகரும். அந்த நடுக்கியரைப் பினியன்கள் கோத்திருக்கும் கூட்டோடு பூட்டினால் எல்லாம் ஒரே கட்டியாகச் சுற்றும், அது ஹை. அதே கியரை நகர்த்தி, ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கோடு பூட்டிச் சுற்றாமல் நிறுத்தினால் பினியன்கள் அதைச் சுற்றி உருண்டாக வேண்டும், சக்கரம் மெதுவாகும், அது லோ. இரண்டுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் 1.36 மடங்குக்குப் பக்கத்தில் வரும். ஹை 6.50 என்றால் லோ 8.87 என்கிற மாதிரி. அந்த ஒரு கியரை நகர்த்தும் வேலைதான் உங்கள் 7 அங்குல டப்பாவுக்கு.

அது எவ்வளவு பலத்தோடு இழுக்கிறது தெரியுமா? 7 அங்குல வட்டத்தின் பரப்பு 38.5 சதுர அங்குலம். 18 அங்குல வேக்கத்தில் 340 பவுண்டு, நம் கணக்கில் 150 கிலோவுக்கு மேல் இழுக்கும். அதுவே 10 அங்குலமாக இறங்கினால் 85 கிலோதான். உயரம் ஏற ஏறவும் குறையும், 300 மீட்டருக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலகிரி 1,100 மீட்டர். பதினாலு கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்போது எந்த நல்ல வண்டியிலும் மூன்றரை அங்குலம் போயிருக்கும். கீழே இருக்கும்போதே கசிவு உள்ள வண்டிக்கு மேலே ஒன்றும் மிஞ்சாது.

சரி, வேலைக்கு வருவோம். ஏசி மெக்கானிக் யாரையாவது தெரியுமா? அவரிடம் இருக்கும் நீல மீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே 30 அங்குலம் வரை வேக்கம் காட்டும். ஒரு நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் மேனிஃபோல்டிலேயே மாட்டிப் பாருங்கள். அங்கேயே 15-க்குக் கீழே இருந்தால் டைமிங், வால்வு, மேனிஃபோல்ட் பேக்கிங் என்று என்ஜின் வேலைதான் முதலில். அது சரி என்றால் டப்பாவையும் ஒருவழி வால்வையும் பழையபடி மாட்டி, வால்வுக்கு அந்தப் பக்கம் மீட்டரை வைத்து, என்ஜினை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். ஊசி நின்ற இடத்தில் நிற்க வேண்டும். கண்ணெதிரே இறங்கினால் கசிவு. ஆக்சிலுக்குப் போகும் குழாயை அடைத்துப் பாருங்கள், பிறகு குமிழுக்குப் போவதை அடைத்துப் பாருங்கள். எதை அடைத்ததும் ஊசி நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் ஓட்டை.

பழைய டப்பா துருப்பிடித்துப் பொத்தல் விழுந்திருந்தால் அதற்கு வெல்டு வைக்க வேண்டாம். உள்ளே பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும், வெடிக்கும். ஏர் பிரேக் வண்டியில் கழித்த சின்ன ஏர் டேங்கு ஒன்று வாங்கி மாட்டுங்கள். மெல்லிய தகர டின் உதவாது, வெளிக்காற்று அதைச் சப்பையாக்கிவிடும். டேங்கின் கீழே வடிப்புத் திருகு இருக்க வேண்டும்.

ஹோஸ் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். வெளியே புதுசாக இருக்கும், உள்ளே மென்மையான ரப்பர் சூட்டில் இளகி வேக்கத்தில் சப்பிக்கொள்ளும். காலையில் வேலை செய்து பத்து மணிக்கு மேல் மக்கர் செய்யும் வண்டி என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். பெட்ரோல் ஹோஸ், தண்ணீர் ஹோஸ் எதுவும் வேண்டாம். பிரேக் பூஸ்டருக்குப் போடும் வேக்கம் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். குமிழின் கீழே இருக்கும் வால்வில் காற்று உள்ளே வரும் வழியில் ஒரு ஃபெல்ட் துண்டு இருந்தால் அதையும் பாருங்கள். ஒரு பக்கம் வேக்கம் இழுக்க, மறுபக்கம் காற்று நுழைந்தால்தான் ஆக்சில் டப்பாவுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ரம் நகரும். கொட்டகையில் வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த ஃபெல்ட் மண்ணாங்கட்டியாக இருக்கும். மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்தால் போதும்.

இனி ஆக்சில் மேல் இருக்கும் டப்பா. இதற்கு மீட்டர் வேண்டாம், கட்டைவிரல் போதும். இரண்டு குழாயையும் கழற்றுங்கள். கியரை நகர்த்தும் ஃபோர்க்கிலிருந்து டப்பாவின் ராடை விடுவித்து உள்ளே கோடி வரை தள்ளி, ராடு இல்லாத பக்கத்துத் துளையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு ராடை இழுங்கள். ஸ்பிரிங் போலத் திமிற வேண்டும், விரலை உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. இப்போது ராடு வெளியே வரும் பக்கத்துத் துளையை மூடி எதிர்த்திசையில் தள்ளுங்கள். அந்தப் பக்கம் மட்டும் பிடிக்கவில்லை என்றால் டயாஃப்ரம் நன்றாக இருக்கிறது, ராடு சீல்தான் போயிருக்கிறது. குழாயில் கியர் ஆயில் வந்தது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்கு இந்த இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். சீல் தேய்ந்ததும் வேக்கம் ஆக்சிலுக்குள்ளிருந்து ஆயிலை உறிஞ்சுகிறது. கொஞ்ச நாளில் அது என்ஜின் வரை போய் நீலப் புகை விடும். சீலைத் தொடுவதற்கு முன் ஆக்சில் மேல் இருக்கும் மூச்சுத்துளையைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அது சேற்றில் அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, புதுச் சீலையும் தாண்டி ஆயில் வந்துகொண்டேதான் இருக்கும்.

டயாஃப்ரம் கிழிந்திருந்தால் லாரி டியூபை வெட்டிப் போடாதீர்கள். துணி இல்லாத ரப்பர் பலூன் போல உப்பும், ராடு பாதி தூரம்தான் நகரும், கியர் பல்லின் நுனியைப் பிடித்து நிற்கும். துணி வைத்த நைட்ரில் ரப்பர் வேண்டும், ஆயில் பட்டாலும் ஊறாது. ஏர் பிரேக் சேம்பர் டயாஃப்ரம் அளவு ஒத்துவந்தால் நடுவில் துளை போட்டு இரண்டு பக்கமும் தகடு கொடுத்துப் பயன்படுத்தியிருக்கிறேன். தகட்டின் ஓரத்தை அரம் போட்டு உருட்டிவிடுங்கள். கூரான ஓரம் ரப்பரைச் சீக்கிரம் அறுத்துவிடும்.

ராடு சீல் பழைய டப்பாக்களில் தோலாக இருக்கும். தொப்பி மாதிரி, நடுவில் துளை, துளையின் ஓரம் மேலே மடிந்து ராடைக் கவ்விக்கொண்டு நிற்கும். கடையில் கிடைக்காது. குடியாத்தத்தில் இருந்துகொண்டு தோலுக்கு ஏன் கவலைப்பட வேண்டும்? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எங்கே போனாலும் தோல் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இப்போது பெரும்பாலும் குரோம் தோல்தான் வருகிறது. வெட்டினால் உள்ளே நீலம் பாய்ந்திருக்கும். அது மெத்தென்று இருக்கும், நனைத்து அழுத்தினால் உருவம் நிற்காது. உங்களுக்கு வேண்டியது பட்டை போட்டுப் பதப்படுத்திய தோல். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்துகிற நம் பக்கத்துப் பழைய முறை. உங்கள் தாத்தா அந்த வண்டியில் ஏற்றிப் போனது அந்த வேலைக்குத்தான். 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு உள்ளங்கை அளவு துண்டு போதும்.

கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து அதில் போடுங்கள். கொதிநீர் ஆகாது, தோல் சுருங்கி அப்பளம் போலாகிவிடும். முதலில் ஓரத்திலிருந்து குமிழ் குமிழாகக் காற்று வரும். குமிழ் நின்றால் நனைந்துவிட்டது. லேத்தில் ராடின் கனத்துக்கு ஒரு இரும்பைக் கடைந்து நுனியைக் கூம்பாக்கிக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் ராடின் விட்டத்தோடு இரண்டு தோல் கனம் சேர்த்து, அதில் அரை மில்லிமீட்டர் குறைத்துத் துளை போடுங்கள். தோலின் நடுவில் சிறு ஓட்டை குத்திப் பலகை மேல் வைத்து, கூம்பை மெதுவாகத் திருகித் திருகி இறக்குங்கள். சுத்தியலால் அடித்தால் கிழியும். தோலின் பளபளப்பான மேல்பக்கம் ராடைத் தொடுகிற மாதிரி இருக்கட்டும். அப்படியே கூம்போடு நிழலில் இரண்டு நாள் விடுங்கள். எடுத்துப் பார்த்தால் கட்டைவிரல் நகம் போல விறைத்து நிற்கும். ஓரத்தைச் சீவிவிட்டு ஒரு இரவு விளக்கெண்ணெயில் ஊறப்போடுங்கள். சைக்கிள் பம்பு வாஷருக்கு நாம் எண்ணெய் விடுவோமே, அதே காரணம்தான். விளக்கெண்ணெய் பக்கத்தில் இருக்கும் ரப்பரையும் கெடுக்காது.

மாட்டும்போது மடிந்த வாய் ஆக்சில் பக்கம் பார்க்க வேண்டும். வேக்கம் டப்பாவுக்குள்தான் இருக்கிறது, காற்று ஆக்சில் பக்கத்திலிருந்துதான் தள்ளுகிறது. காற்று வாய்க்குள் புகுந்து உதட்டை ராடோடு அழுத்தும். திருப்பி மாட்டினால் அதே காற்று உதட்டை விலக்கிவிடும். ராடில் கோடு விழுந்திருந்தால் மெல்லிய எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகு மாட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. முன் சக்கரம் இரண்டுக்கும் இரு பக்கமும் கட்டை கொடுங்கள். இது முக்கியம், ஏனென்றால் இந்த வண்டிகள் பலவற்றில் கைப்பிரேக் கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஷாஃப்டில்தான் பிடிக்கும். ஒரு பின்சக்கரத்தை மேலே தூக்கிய உடனே அது தரையைப் பிடிக்காது. கட்டை கொடுத்த பின் ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்து, கியரை நியூட்ரலில் போட்டு கைப்பிரேக்கை விடுங்கள். தூக்கிய சக்கரத்தைக் கையால் இரண்டு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ணுங்கள். ஹையில் ஆறரை வந்தால் லோவில் ஒன்பதுக்குக் கிட்டே வர வேண்டும். இரண்டு கணக்கும் சரியாக வந்தால் உங்கள் டிஃப்ரன்ஷியலில் ஹை, லோ இரண்டும் சரியாகவே விழுகின்றன. வெல்டு வைக்கச் சொன்னவரிடமும் இந்த எண்ணிக்கையைக் காட்டுங்கள்.

இப்போது அந்தத் தவறான இடம். எனக்குப் பதினாறு வயதில், பழைய பெட்ரோல் வண்டி ஒன்றில் கிளீனராகப் போய்க்கொண்டிருந்தேன். பலமநேரில் வெல்லம் ஏற்றிச் சித்தூருக்கு இறங்குகிறோம், மொகிலி கணவாய். உச்சியிலேயே லோ போட டிரைவர் அண்ணன் மறந்துவிட்டார். பாதி இறக்கத்தில் குமிழை அழுத்திக் கிளட்சை மிதித்தார். ஹையிலிருந்து கியர் வெளியே வந்துவிட்டது, லோவுக்குள் போகவில்லை. நடுவில் நின்றது. என்ஜின் வீறிட்டது, ஆனால் சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் சம்பந்தமே இல்லை. கைப்பிரேக்கை இழுத்தார், ஷாஃப்டைத்தானே அது பிடிக்கும், அந்த ஷாஃப்டும் சக்கரத்தைவிட்டுப் போயிருந்தது. கால்பிரேக் மட்டும்தான் மிச்சம், அதுவும் லைனிங் கருகும் வாசனையோடு. நான் கட்டையை எடுத்துக்கொண்டு குதித்தேன். முதல் கட்டை மேல் சக்கரம் ஏறிப் போய்விட்டது. அதற்குள் அண்ணன் மலைப்பக்கச் சரிவில் வண்டியை உரசினார், இரண்டாவது கட்டையில் நின்றது. வெல்லக் கட்டிகள் சாலை முழுக்க. கீழே இறங்கிய அண்ணன் பேசவில்லை, வண்டி நிழலில் உட்கார்ந்து வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உங்கள் வண்டி உச்சியில் தானாக மாறுகிறதே, அதற்கு அடுத்த நிமிடம் இறக்கம். அதனால்தான் சொல்கிறேன்: டப்பாவை மாட்டும்வரை மலைப்பாதைப் பக்கம் போகாதீர்கள். மாட்டிய பிறகும் இறக்கத்துக்கு எது வேண்டுமோ அதை உச்சியில், வண்டி சமமாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள். இறங்கத் தொடங்கிய பின் குமிழைத் தொடவே கூடாது.

பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வேக்கம் பூஸ்டர் உள்ள வண்டியா? அப்படியென்றால் அந்தப் பூஸ்டரும் இதே டப்பாவிலிருந்துதான் குடித்திருக்கும். என்ஜின் அணைந்துபோனால் கடைசி ஒன்றிரண்டு பிரேக்குக்கு வைத்திருந்த சேமிப்பையும் சேர்த்துத்தான் கழற்றியிருக்கிறீர்கள். மேலும் ஆக்சில் சீல் கசிவது பிரேக்கின் பங்கையும் திருடுகிறது. மறுபடி குழாய் போடும்போது பிரேக்குக்குத் தனி ஒருவழி வால்வு, ஆக்சிலுக்குத் தனி வால்வு என்று பிரித்துவிடுங்கள். ஆக்சில் பக்கம் ஹோஸே அறுந்தாலும் பிரேக்குக்கென்று சேர்த்த வேக்கம் உடனே ஓடிப்போகாது. இந்த வேலையை முதல் நாளே செய்யுங்கள், தோல் வாஷர் அடுத்த வாரம் ஆகட்டும்.

கேள்வி: எங்களிடம் உள்ள ஃபார்கோ லாரிக்குப் பல வருடம் முன்பே பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ஹை-லோ குமிழ் சும்மா இருக்கிறது, வண்டி எப்போதும் ஹையில்தான் ஓடுகிறது. திரும்ப உயிர் கொடுக்க முடியுமா? – வாசகர், ஆற்காடு

பதில்: முடியும். டீசல் என்ஜினில் மூச்சை அடைக்கும் தகடு கிடையாது, அதனால் மேனிஃபோல்டில் வேக்கம் பிறக்காது. சில பழைய டீசல்களில் மட்டும் காற்று வழியில் ஒரு தகடும் அதிலிருந்து டீசல் பம்புக்கு ஒரு மெல்லிய குழாயும் இருக்கும். வேக்கம் கிடைக்கிறதே என்று அதில் கை வைத்துவிடாதீர்கள். அது என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் குழாய். அதில் கசிவு வந்தால் பம்பு முழு டீசலையும் திறந்துவிடும், என்ஜின் கட்டுக்கு அடங்காமல் ஓடும்.

பின்னால் வேக்கம் பம்ப் சேர்ந்த ஆல்டர்னேட்டர் டீசல் ஜீப்புகளிலும் சின்ன லாரிகளிலும் வரும். அதில் ஒன்றைப் பொருத்துங்கள். அந்தப் பம்புக்கு என்ஜின் ஆயில் வேண்டும். போகும் குழாய் மெல்லிசாக இருக்கலாம், திரும்பும் குழாய் தடிமனாக, மடிப்பே இல்லாமல், என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இல்லாவிட்டால் பம்புக்குள் ஆயில் தேங்கி உள்ளே சுற்றும் தகடுகளை உடைக்கும். அப்புறம் ஒருவழி வால்வு, டேங்கு எல்லாம் மேலே குடியாத்தம் தம்பிக்குச் சொன்னதுதான். காலை அழுத்தினாலும் எடுத்தாலும் வேக்கம் ஒரே அளவில் நிற்கும் என்பது உங்களுக்குக் கூடுதல் வசதி.

குழாய் போடும் முன் ஆக்சில் ஆயிலை வடித்து, ஒரு காந்தத்தை அதில் விட்டுப் பாருங்கள். மாவு போல ஒட்டினால் பரவாயில்லை, பல் துண்டு ஒட்டினால் பிரித்தே ஆக வேண்டும். இத்தனை வருடம் நகராத கியர் தன் இடத்தில் துருப்பிடித்துக்கூட இருக்கலாம். கையால் ஃபோர்க்கை நகர்த்தி, ஷாஃப்டை மெல்லத் திருப்பித் திருப்பிப் பழக்குங்கள். இன்னொன்றும் உண்டு. அந்த ஆக்சில் பெட்ரோல் என்ஜினின் இழுவைக்குச் செய்தது. டீசலில் முதல் கியரும் லோவும் சேர்த்துப் போட்டுச் சுமையோடு திடுமென்று கிளட்சை விட்டால் ஆக்சில் ஷாஃப்ட் முறியும். முதல் கியரில் கிளம்பும்போது ஹையிலேயே கிளம்புங்கள்.

கேள்வி: ஹை-லோ மாற்றும்போது ஒவ்வொரு முறையும் சத்தம் வருகிறது. கிளட்சை எப்போது மிதிக்க வேண்டும்? – வாசகி, ஆரணி

பதில்: குமிழை நகர்த்துவது கட்டளை மட்டும்தான் அம்மா. இழுக்கிற சுமை இருக்கும்வரை பற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். சுமை தளரும் கணத்தில்தான் ஆக்சில் மாறும். லோவிலிருந்து ஹைக்குப் போக, காலை ஆக்சிலரேட்டரிலேயே வைத்துக்கொண்டு குமிழை மேலே இழுங்கள், பிறகு காலை எடுங்கள். என்ஜின் வேகம் இறங்கும்வரை ஒரு மூச்சு பொறுங்கள், ‘டக்’ என்று மெலிதாக விழும், அப்புறம் மிதியுங்கள். ஹையிலிருந்து லோவுக்கு இதற்கு நேர்மாறு: குமிழை அழுத்துங்கள், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலே கிளட்சைச் சட்டென்று மிதித்து உடனே விடுங்கள். அந்த இடைவெளியில் என்ஜின் கொஞ்சம் வேகம் ஏறும், லோவுக்கு அந்த வேகம்தான் வேண்டும். உங்கள் சத்தம் பெரும்பாலும் இந்த இரண்டாவதில், பயந்து காலை எடுப்பதால் வருகிறது. பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா ஏறும் சாலையில் பழக வேண்டாம். காலியான சமச்சாலையில் வெறும் வண்டியோடு ஒரு காலைப்பொழுது பழகினால் கை வந்துவிடும்.

கேள்வி: லோவில் ஓடும்போது ஸ்பீடாமீட்டர் அதிகம் காட்டுகிறதே, மீட்டர் கெட்டுவிட்டதா? – வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: கெடவில்லை. மீட்டர் கேபிள் கியர்பாக்ஸ் வாலிலிருந்து வருகிறது. ஆக்சிலில் நீங்கள் லோ போட்டது அதற்குத் தெரியாது. ஹையில் சரியாகக் காட்டும் மீட்டர், லோவில் 40 காட்டும்போது வண்டி உண்மையில் 29-இல்தான் போகும். ஹையில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை ஒரே சீராக ஓட்டிக் கடிகாரத்தைப் பாருங்கள். 2 நிமிடம் ஆனால் 30, ஒன்றரை நிமிடம் ஆனால் 40.